பெட்டி ஒன்று, கூலி ஒன்று

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் முடிச்சூரில் இரண்டு சாமானுக்குக் கிராக்கி வந்துவிடும். ஒன்று களிமண் பிள்ளையார். இன்னொன்று காலி அட்டைப்பெட்டி! மளிகைக் கடைக்காரர், "பிஸ்கட் பெட்டி இருக்காப்பா?" என்று கேட்டதுமே, "தீபாவளி பார்சலாம்மா?" என்று சிரிக்கிறார். அவருக்குத் தெரியாதா என்ன? மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால், தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒரு பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்துதான் இருக்கிறது.

முன்பெல்லாம் ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கிடைப்பார்களா என்று காத்திருந்து, அவர்கள் பெட்டியில் இடம் இருக்குமா என்று கூச்சத்தோடு கேட்டு, இரண்டு கிலோ முறுக்கைக் கொடுத்தனுப்புவோம். இப்போது ஆன்லைன் வந்தாயிற்று. பெண் அங்கிருந்தபடியே புடவை ஒரு கடையில், குழந்தைச் சட்டை ஒரு கடையில், பாத்திரம் ஒரு கடையில் என்று 'ஆர்டர்' போட்டு விடுகிறாள். எல்லாம் அம்மா வீட்டு வாசலில் வந்து இறங்குகின்றன. "அனுப்பி வெச்சிடும்மா" என்று ஒரு வரி. அனுப்புகிற கூலி யார் தலையில்? அதைத்தான் இந்தத் தடவை பேசப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. வயதில் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் 'பெரியம்மா'. மகள் இங்கிலாந்தில். தலைப் பிரசவம். கூட இருந்து பார்க்க வேண்டிய நேரத்தில் இவருக்கு விசா கிடைக்கவில்லை. 'நான்தான் போகலை, சாமானாவது போகட்டும்' என்று, வந்தது வந்தபடி பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் இரண்டு பார்சல் போய்விட்டது. மூன்றாவதைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தவர், "நீ கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல்லும்மா. பெரியப்பா பென்ஷன்ல பாதி கூரியருக்கே போவுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பணத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

சகோதரிகளே, கணக்கு இதுதான். வெளிநாட்டுப் பார்சலில் முதல் அரைக் கிலோவுக்குத்தான் கூலி அதிகம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் அதைவிடக் குறைவு. தபாலானாலும் கூரியரானாலும் பொதுவாக இதே வழிதான். படி மட்டும் கால் கிலோ, அரைக் கிலோ என்று மாறும். ஒரு பேச்சுக்கு, முதல் அரைக் கிலோவுக்கு 1,500 ரூபாய், அப்புறம் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பார்சல் ஒன்றுக்கு 1,800 ஆகிறது. மூன்று பார்சலைத் தனித்தனியே அனுப்பினால் 5,400. அதே மூன்று கிலோவை ஒரே பெட்டியில் அனுப்பினால்? முதல் அரைக் கிலோவுக்கு 1,500, மீதி ஐந்து அரைக் கிலோவுக்கு 1,500, ஆக 3,000. கையில் நிற்பது 2,400 ரூபாய்! ஒரு மாத மளிகையில் பாதி வந்துவிடுமே.

"அப்போ எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டுடலாமா?" என்றார் பெரியம்மா. போடலாம். ஆனால் பெட்டிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பெட்டியின் வயிறு

தனியார் கூரியர்காரர்கள் தராசில் மட்டும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அளவு நாடாவையும் எடுப்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுப்பது வழக்கம். வருகிற எண்தான் 'கன அளவு எடை'. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. விமானத்தில் இடம் என்பதும் காசுதானே!

40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பெட்டி ஒன்று. பெருக்கினால் 36,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 7.2 கிலோ. இதில் முறுக்கும் தட்டையுமாக மூன்று கிலோ மட்டும் அடைத்தால், மூன்று கிலோவை அனுப்பிவிட்டு ஏழு கிலோவுக்குமேல் கூலி கொடுத்தவர்களாகிறோம். அதே பெட்டியில் முறுக்கு டப்பாக்களின் இடுக்கில் சாம்பார் பொடி, பருப்புப் பொடி, மடித்த புடவை, காட்டன் உடுப்பு என்று இன்னும் நாலு கிலோவை நுழைத்தால் கூலி ஒரு காசு ஏறாது. முறுக்கு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. பொடி எடை இருக்கும், இடத்தை அடைக்காது. இரண்டையும் ஜோடி சேர்ப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

இதே முறுக்கை 50, 40, 40 அளவுள்ள பெட்டியில் போட்டால் கணக்கு 16 கிலோவுக்குப் போய்விடும். ஆகவே பெட்டி பெரிதாக இருந்தால் மேல் ஓரத்தை நறுக்கி மடித்து உயரத்தைக் குறையுங்கள். நடுவில் தொந்தி தள்ளினால் தொந்தியைத்தான் அளப்பார்கள். தபாலில் அனுப்புகிறவர்கள் தாம்பரம் தலைமைத் தபால் நிலையக் கவுன்ட்டரிலேயே அந்த நாட்டுக்கு எத்தனை கிலோ வரை போகும், எப்படிக் கூலி போடுகிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பெட்டியைத் தேடுங்கள். பெட்டியைக் கட்டி முடித்தபிறகு விசாரிப்பது வீண் வேலை.

வந்ததும் பிரியுங்கள்

ஆன்லைன் சாமான் வந்ததும் அப்படியே பரணில் போடுகிறோமே, அது கூடாது. அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். சட்டை கிழிசலா, டம்ளர் நசுங்கலா, கேட்ட அளவுதானா? திருப்பி அனுப்ப ஏழு நாள், பத்து நாள் என்றுதான் கெடு. எல்லாச் சாமானும் சேரட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, பிறகு பிரித்தால் கெடு தாண்டியிருக்கும். மகளும் சேர்ந்தாற்போல பத்து நாளைக்குள் ஆர்டர்களைப் போட்டுவிட்டால் காத்திருக்கிற நாள் குறையும்.

கடைக்காரரின் அட்டை, தெர்மோகோல், காற்றுப் பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவற்றுக்கும் கூலி கொடுக்கிறோம். ரசீதை மட்டும் தூக்கி எறியாதீர்கள். கஸ்டம்ஸ் படிவத்தில் விலை எழுத அதுதான் ஆதாரம். ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு, சாமான், எடை, விலை, யாருக்கு என்று எழுதி வையுங்கள். சமையலறைத் தராசு போதும்.

சேர்த்து வைக்கிற இடம் உயரமாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத் தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியுமா? ஐப்பசி, கார்த்திகையில் அட்டைப்பெட்டியைத் தரையில் வைப்பது இந்த ஊருக்கு ஒத்துவராத பழக்கம்.

பலகாரமும் பொடியும் கடைசியில்தான். சண்முகம் சாலையில் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து வறுத்து அரைப்பதானால், பார்சல் போகிற வாரத்தில் செய்யுங்கள். பொடி நன்றாக ஆறினபிறகு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, பூஞ்சை பிடிக்கும். முறுக்குக்குப் புது எண்ணெய். பழைய எண்ணெயில் சுட்டால் போய்ச் சேரும்போது சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் சேர்ந்தது எதுவும் வேண்டாம். ஊறுகாய் கசிந்தால் புடவையும் போச்சு, பெட்டியும் போச்சு.

சேர்ப்பதில் ஒரு சிக்கல்

கூலியில் மிச்சம் பிடித்தோம், சரி. அந்த ஊர் வரியையும் பார்க்க வேண்டாமா? இங்கிலாந்தில், ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டு மதிப்புக்குள் இருந்தால் 'வாட்' வரி கிடையாது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் அது 45 யூரோ. 30 பவுண்டுப் பரிசு மூன்றை, மூன்று விசேஷத்துக்குத் தனித்தனியாக அனுப்பினால் வரி இல்லை. மூன்றையும் மகள் பேருக்கே ஒரே பெட்டியில் போட்டால் 90 பவுண்டு ஆகிறது. இங்கிலாந்தில் வாட் பொதுவாக 20 சதவிகிதம். 18 பவுண்டுக்குக் குறையாமல் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் பார்சலைக் கையாண்ட கட்டணம் வேறு. சின்னக் குழந்தைகளின் உடுப்புக்கு அங்கே வாட் பூஜ்யம் என்பது ஓர் ஆறுதல்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒரே பெட்டியில் மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, சம்பந்தியம்மாவுக்கு ஒன்று என்று நிஜமாகவே வேறு வேறு ஆட்களுக்குப் பரிசு இருந்தால், ஒவ்வொன்றையும் தனியே சுற்றி, பேர் எழுதி, படிவத்திலும் தனித்தனியே விலையோடு குறித்தால், 39 பவுண்டுச் சலுகை ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். மகளே பணம் கட்டி வாங்கிய சாமானை நாம் மாற்றி அனுப்பினால் அது பரிசாகாது. அதன்மேல் 'பரிசு' என்று எழுதுவதும், ரெண்டாயிரம் ரூபாய்ப் புடவைக்கு இருநூறு என்று போடுவதும் பொய்தான். "எல்லாரும் அப்படித்தானே போடறாங்க" என்பார்கள். கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்தால் பெட்டி நிற்கும். கேள்வி வருவது அந்த ஊரில் குடியிருக்கும் நம் பெண்ணுக்கு. பெட்டி தொலைந்துபோனாலும் இருநூறுக்குத்தானே நஷ்ட ஈடு கேட்க முடியும்?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 2025 நல்ல பாடம். 2016 முதல் அங்கே 800 டாலர் வரை உள்ள பார்சலுக்கு வரியில்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்ட் 29-ந் தேதியோடு அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அதையொட்டி நம் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது. வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-ந் தேதி. தீபாவளியோ அக்டோபர் 20! எத்தனை வீட்டு அதிரசம் பரணிலேயே நின்றிருக்கும்? ஆகவே பெட்டி கட்டுமுன் அந்த மாதத்து விதி என்ன என்று விசாரிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் வேண்டாதவை

ஒரே பெட்டியாகப் போடும்போது ஆகாத சாமான் ஒன்று இருந்தாலும் மற்ற அத்தனையும் மாட்டிக்கொள்ளும். சேர்த்து அனுப்புவதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். இங்கிலாந்துக்கு நம் நாட்டிலிருந்து பால் பண்டமும் நெய்யும் இறைச்சியும் பார்சலில் அனுப்பக் கூடாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றி வரும் என்று தடை. சிங்கப்பூருக்கும் துபாய்ப் பக்கத்துக்கும் கசகசா அனுப்பவே கூடாது. அங்கே அது போதைப் பொருள் சட்டத்தில் வருகிறது. ஒரு கரண்டி கசகசாவுக்காகப் பிள்ளை போலீஸ் முன்னால் நிற்க வேண்டுமா? சென்ட், ஸ்ப்ரே, தனி பாட்டரி எந்த ஊருக்கும் வேண்டாம். தங்கம், வெள்ளி, ரூபாய் நோட்டு இவற்றைப் பார்சலில் வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் கூடி ஒரே பெட்டி போடுவதும் உண்டு. செய்யலாம், மிச்சமும் அதிகம். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்தான் உள்ளே இருக்கும் அத்தனைக்கும் பொறுப்பாளி. ஆகவே எவ்வளவு வேண்டியவர் ஆனாலும், ஒட்டி மூடிய பொட்டலத்தை வாங்காதீர்கள். "பிரிச்சே கொடுங்கக்கா, நான் பேக் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

லேகியமும் கண்மையும்

பெரியம்மாவின் சாமான்களை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். கடையில் வாங்கிய பிரசவ லேகியம் ஒரு டப்பா, பேர் ஒட்டாத ஏதோ சூரணம் ஒன்று, குழந்தைக்குக் கண்மை, வசம்பு. "இதை விட்டுடலாம் பெரியம்மா" என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா எனக்குக் கொடுத்தா. நான் எம் பொண்ணுக்குக் கொடுக்கக் கூடாதா?"

கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்? என்ன இருக்கிறது என்று தெரியாததைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். 2011, 2012-ல் நியூயார்க் நகரத்தில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2012-ல் இதை வெளியிட்டது. தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக் கொடி வழியாகச் சிசுவுக்கும் போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எல்லா லேகியமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுச் சுக்கும் மிளகும் ஓமமும் வேறு, பற்பமும் செந்தூரமும் கலந்த பேர் தெரியாத மருந்து வேறு. கடைக் கண்மை, சுருமா சிலவற்றிலும் ஈயம் கண்டிருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வார்த்தை. வசம்பு உரைப்பதும் தேன் தொட்டு வைப்பதும் அப்போது தேவையே இல்லை. தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது.

அன்று இரவே மகளை வீடியோவில் கூப்பிட்டுப் பேசினோம். அவள் அங்கே தன்னைப் பார்க்கும் மருத்துவத் தாதியிடம் கேட்டுவிட்டு, "டப்பா மருந்து எதுவும் வேண்டாம்னுட்டாங்கம்மா. நீ சமையலுக்குப் போடற பூண்டுப் பொடியும் சுக்குப் பொடியும் அனுப்பு. எப்படி ரசம் வைக்கணும்னு உன் கையெழுத்துல எழுதிக் கொடு" என்றாள். பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரசவித்தவளுக்கு முதல் வாரம் என்ன, இரண்டாவது வாரம் என்ன, எந்தக் குழம்புக்கு எவ்வளவு புளி... எட்டுப் பக்கம்! சமையலறைத் தராசில் வைத்தேன். முள் அசையவே இல்லை.

பிறகு அந்த ஊர்த் தமிழ்க் கடையில் கிடைக்கிற அப்பளம், புளி, ரெடிமேட் மாவு எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்தோம். கிடைக்காதவை மட்டும் நின்றன: பழைய காட்டன் புடவையைக் கிழித்துத் தைத்த துணித் தொட்டிலும், நாலைந்து சட்டையும், பொடிகளும், முறுக்கும். மொத்தம் ஐந்தரைக் கிலோ. பெட்டியை நறுக்கி அதே அளவுக்குக் கொண்டு வந்தோம். தனித்தனியாக அனுப்பினால் ஆகியிருக்கும் கூலியில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான் ஆயிற்று.

மிச்சமான பணத்தைப் பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? விசாவுக்கு மறுபடி விண்ணப்பம் போட எடுத்து வைத்துவிட்டார். "பெட்டி போனா சாமான் போகும். நான் போனாத்தானேம்மா பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்ட முடியும்?" என்றார்.

உங்கள் வீட்டிலும் பரணில் பிரிக்காத பார்சல்கள் இரண்டு மூன்று இருக்குமே? இன்றைக்கே இறக்கி, நோட்டைத் திறந்து, தராசை எடுத்து வையுங்கள். கூலியைக் குறைக்க நீங்கள் கண்டுபிடித்த வழிகள் இருந்தால் எனக்கும் எழுதுங்கள், எல்லோருக்கும் சொல்கிறேன்.